யேசுரட்ணம் அங்கிளின் குளிர் படாத அப்பிள் தோட்டம்

"மெல்ல, மெல்ல... கொப்பு கதவு நிலையிலை முட்டப்போகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அப்பிள் மரத்தைத் தொட்டியோடு கட்டியணைத்தபடி, யேசுரட்ணம் அங்கிள் பின்பக்கமாக நடந்து வரவேற்பறைக்குள் வருவார். போன வருடம் வரை ஒவ்வொரு ஒக்டோபரிலும் கனடாவின் அஜின்கோர்ட்டில் இந்த ஊர்வலம் நடந்தது. அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் குடியிருக்கும் எனக்குக் கூரை அதிரும்.

தொட்டியில் வளரும் மூன்று குட்டை மரங்கள்தான் தோட்டம். "தோட்டத்துக்குப் போட்டு வாறன்" என்று புறப்பட்டால், செருப்பைப் போடுவதற்குள் தோட்டம் வந்துவிடும். கோடையில் இலை இலையாகப் புரட்டிப் பூச்சி தேடுவார். ஆலங்கட்டி மழைக்குக் குடை பிடிப்பார். பனிக்காலத்தில் மரங்கள் ஹீற்றருக்குப் பக்கத்தில் நிற்கும். வந்தவர்கள் கொப்புகளுக்கு நடுவே தலையை நீட்டித்தான் டிவி பார்க்க வேண்டும்.

மனைவி ஜெயமலர் அன்ரி கூப்பிட்டால், "என்னப்பா?" என்று அங்கிளுக்குத் தகரம் தட்டும் குரல். மரத்தோடு பேச வேறு குரல், தேன் குழைத்தது: "என்ன ராசா, குளிருதோ?"

"கனடா வந்த புதுசிலை எனக்கொரு ஜக்கெட் வாங்க மாசக்கணக்கா யோசிச்ச மனிசன் இவர்" என்பார் அன்ரி.

மே மாதம் தெருவெல்லாம் அப்பிள் பூக்கும். இவருடைய மரங்களில் இலை மட்டும். "யோசிக்குதுகள் தம்பி" என்பார். மரம் விற்ற வெள்ளைக்காரரிடம் இந்த வருடம் போய்ச் சண்டை பிடித்தார். குளிர் படாமல் அப்பிள் பூக்காது, தொட்டியைச் சுற்றி வைக்கோல் கட்டி வெளியே விடு என்றார் அவர்.

"உவன் தன்ரை மரங்களைச் சொல்லுறான். என்ரை வீட்டுக்கை வளந்ததுகள்!"

"இஞ்சாருங்கோ, வாற வரியமும் பூக்காட்டி உங்கடை தோட்டம் குப்பை லொறியிலைதான் போகும்" என்றார் அன்ரி. அங்கிள் வைக்கோல் வாங்கி வந்தார்.

போன சனிக்கிழமை முதல் பனி விழுந்தது. மரங்கள் வெளியே நின்றன. அங்கிள் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

"ஜெயா, உந்தச் சின்னன் நடுங்குது."

"அது காத்தப்பா."

கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும் சத்தம். "தூக்கினியளெண்டாப் பாருங்கோ!" என்று அன்ரி குசினிக்குள்ளிருந்து கத்தினார்.

அங்கிள் தூக்கியது சாப்பாட்டு மேசைக் கதிரையை. அதை மூன்று தொட்டிகளுக்கும் நடுவே பனியில் போட்டார். ஜக்கெட் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, உட்கார்ந்துகொண்டார்.