அக்காவுக்கு 'பி' வரிசை மட்டும் தெரியும்

இன்று காலை ரந்தாவ் பசாரில், அதான் சந்தையில், அவித்த மரவள்ளிக் கிழங்கைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள்.

அப்படியே நின்றுவிட்டேன்!

எனக்கு வயது தொண்ணூற்றைந்து. (நானேதான் டைப் செய்கிறேன். ஒற்றை விரலில்!)

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். எஸ்டேட் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் அம்மா, அக்கா முனியம்மா, நான்.

கிழங்கு விற்ற பெண், கிழிந்த ஆங்கிலம்-தமிழ் அகராதித் தாள்களில்தான் சுற்றித் தருவாள். எல்லாம் 'பி' வரிசை.

அக்காவுக்கு அப்போது பதினேழு. ஆங்கிலத்தில் ஏபிசிடி மட்டும் தெரியும். ஆனால் தாளை விட மாட்டாள்!

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பார்த்துவிட்டுப் பதறினார்.

"இங்கிலீஸ் பேப்பரா? ஜப்பான்காரன் பாத்தான்னா அடிச்சே கொன்னுருவான்லா! எரிச்சிரு!"

"எரிச்சிடறேங்க."

எரித்தாள். மனப்பாடம் செய்த பிறகு! தினம் ஒரு தாள்.

மண்வெட்டியோடு முணுமுணுப்பாள்: "புருடென்ஸ், முன்யோசனை. பெர்ப்ளெக்சிட்டி, மனக்குழப்பம்." (உச்சரிப்பு அவள் இஷ்டம்!)

ஜப்பான் சண்டை முடிந்தது. எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஒரு பட்டியலோடு லயத்துக்கு வந்தார். அப்பா பெயரை வாசித்துத் தலை குனிந்தார்.

"எறந்துட்டாருன்னு வந்திருக்கும்மா."

அம்மா அப்படியே சரிந்துவிட்டாள். தாலியைக் கழற்றப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

அக்கா பட்டியலை வாங்கி எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

"ஐயா, 'பிரெசூம்டு'ன்னு போட்டிருக்கே. பிரெசூம்னா உறுதியாத் தெரியாம அப்படின்னு வச்சிக்கறதுதானே?"

கிராணி பட்டியலைத் திரும்ப வாங்கினார். மறுபடி வாசித்தார்.

"ஆமாம்மா... அதான் அர்த்தம்."

"அப்போ யாரும் பாக்கலை. அம்மா மேல கை வைக்காதீங்க!"

பதினேழு வயதுப் பெண், வாசலை மறித்து நின்றாள்!

லயமே அவளைத் திட்டியது. அவளும் பயந்துதான் இருந்தாள். "தப்பாச் சொல்லிட்டனாடி?" என்று என்னிடம் அழுதிருக்கிறாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு லாரி வந்தது. அதிலிருந்து எலும்பும் தோலுமாக ஒருவர் இறங்கினார். எனக்கு அடையாளமே தெரியவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்தது.

அந்தப் பட்டியலில் இருந்த வேறு யாரும் திரும்பவில்லை. அதனால் அக்கா இதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதே இல்லை. போன வருடம் கண் மூடும்வரை.

நான் சொல்கிறேன்.

அன்று அப்பா அம்மாவின் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நான் உசுரோட இருக்கேன்னு யாரு சொன்னா?"

அக்கா சொன்னாள்: "யாரும் சொல்லலப்பா. நீங்க செத்ததைப் பாத்தேன்னும் யாரும் சொல்லல."