பத்திரமாக ஒரு காது வில்லை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆவுடையம்மாள் வாசலில் வந்து நின்று செல்போனை நீட்டினார்.

"என்னமோ வந்திருக்கு அண்ணாச்சி. பீடிக்கடையில இருந்து போட்டிருக்காங்களோன்னு நெனைச்சேன். வாசிச்சுச் சொல்லுங்க."

வாசித்தேன். பீடிக்கடை இல்லை. அவருடைய பசுவுக்குக் கோமாரி நோய்த் தடுப்பூசி போட வேண்டிய நாள் நெருங்கிவிட்டதாம். வியாழக்கிழமை முகாம். காது வில்லையுடன் பசுவை அழைத்து வரவும். கீழே நீளமாக ஒரு எண்.

அந்தப் பசு போன மழைக்காலத்தில் ஆற்று வெள்ளத்தில் செத்துப்போனது. குழிக்குள் இறக்கியபோது நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

செத்த மாட்டுக்கு எஸ்.எம்.எஸ். வருமா? வரும். வருவதற்கு நானும் ஒரு காரணம். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜெபராணி கால்நடை ஆய்வாளர். சாத்தான்குளத்துக்காரர். சேரன்மகாதேவியைச் சுற்றியுள்ள ஆற்றோர ஊர்கள் அவர் பொறுப்பில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கையில் அட்டைப்பெட்டியோடு இறங்கி வந்தார்.

"ரீடர் வந்திருக்கு அண்ணாச்சி. மாட்டுக் காதுல குத்துத வில்லையை இது வாசிக்குமாம். நாளைக் கழிச்சு முகாம். புஸ்தகம் பூரா இங்கிலீஷ்ல கெடக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

ஏஜென்சிச் செய்திகளைத் தமிழாக்கியே தலை நரைத்தவன் நான். மறுப்பேனா?

நீளமான டார்ச் லைட் போன்ற கருவி. முனை மட்டும் சப்பையாக இருந்தது. நாலு மணி நேரம் சார்ஜ் போடச் சொன்னது புத்தகம், போட்டோம். மொழிப் பட்டியலில் ஏதேதோ இருந்தன, தமிழ் இல்லை. ஆங்கிலத்தை வைத்தோம். தேதி எந்தக் காலத்திலோ நின்றுகொண்டிருந்தது. அதைத் திருத்தாவிட்டால் முகாமில் போடும் ஊசி பல வருடங்களுக்கு முன்பே போட்டதாகப் பதிவாகிவிடும். திருத்தினோம். பிறகு புளூடூத். ரீடர் ஜெபராணியின் போனைத் தேடிப் போய் அடுத்த வீட்டு ஸ்பீக்கரைக் கண்டுபிடித்தது. மூன்றாவது முயற்சியில்தான் இரண்டும் சேர்ந்தன.

சோதித்துப் பார்க்க மாடு வேண்டுமே... பெட்டியில் மாதிரிக்கு ஒரு வில்லை இருந்தது. மஞ்சள் பிளாஸ்டிக், உள்ளே சிப். அதை எலுமிச்சங்காய் ஊறுகாய் பாட்டிலின் கழுத்தில் நூல் போட்டுக் கட்டினேன். ஒரு சாண் தூரத்தில் ரீடரைக் காட்டி பட்டனை அழுத்தினார் ஜெபராணி. பீப்.

போனில் ஒரு படிவம் விரிந்தது. இனம் என்ன, நிறம் என்ன, எத்தனை ஈத்து, சினையா?

"எலுமிச்சங்காய் சினையா இருக்கான்னு கேக்குது அண்ணாச்சி."

சிரித்தோம். கருவிக்கு வில்லைதான் தெரியும், பாட்டிலா பசுவா என்பது தெரியாது. அன்றைக்கு அது ஒரு வேடிக்கை. அவ்வளவுதான்.

முகாமுக்கு நானும் போனேன். பத்திக்கு ஏதாவது கிடைக்கும் என்கிற பழக்க தோஷம். ஆற்றங்கரை மருத மரங்களில் மாடுகளைக் கட்டியிருந்தார்கள். முதலில் பால் சொசைட்டியின் இரும்புக் கேட்டில்தான் கட்டினார்கள். இரும்புக்குப் பக்கத்தில் ரீடர் வாயைத் திறக்கவில்லை என்பதால் மரத்துக்கு மாற்றினோம். இடுக்கி போன்ற ஒன்றால் காதில் வில்லையைக் குத்தினார் ஜெபராணி. மாடு ஒரு உதறு உதறும். பீப். அடுத்த மாடு.

ஊரே சுற்றி நின்று கேள்வி கேட்டது. ஜெபராணிக்குத் தலை நிமிர நேரமில்லை. பதில் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அங்கேதான் ஆவுடையம்மாளைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. மகளைக் காயல்பட்டினம் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் ஒரு செவலைப் பசுவும். சொசைட்டிக்கு ஊற்றும் பாலில்தான் அடுப்பு எரிந்தது.

"மாட்டுக்குக் கம்மல் குத்தி விடுதாங்களே, எதுக்கு அண்ணாச்சி? எனக்கே காதுல ஈர்க்குச்சிதான் கெடக்கு."

பத்திரிகையில் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், வாசகருக்குத் தெரிந்ததைக் கொண்டு தெரியாததைச் சொல் என்பது. சொன்னேன்.

"உங்க பேரு, மாட்டு வயசு, ஊசி போட்ட தேதி எல்லாம் இதுக்குள்ள இருக்கு. மாட்டுக்கு ஆதார் மாதிரின்னு வச்சுக்கோங்க. தொலைஞ்சா பெரிய அலைச்சல். பத்திரமா வச்சுக்கிடணும்."

"ஆதாரையா தொலைப்பேன்? லேமினேஷன் பண்ணி வச்சிருக்கேன்லா."

உவமை பலித்துவிட்டது என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

ஆதாரை நாம் என்ன செய்கிறோம்? பிளாஸ்டிக் உறை போட்டு, கவருக்குள் வைத்து, கவரைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பூட்டுகிறோம். வெளியே போவது ஜெராக்ஸ்தான். ஒரிஜினலைக் கழுத்தில் தொங்கவிட்டு மழையில் யாராவது நடக்கிறோமா? பத்திரம் என்றால் நமக்கு வெயில் படாமல், கை படாமல் உள்ளே வைப்பது. அந்தச் சொல் என் வாயில் வந்தபோது இது என் மண்டையில் உறைக்கவில்லை.

சில வாரங்களில் செவலையின் காது புண்ணானது. ஈ மொய்த்தது. ஆவுடையம்மாள் பால்காரரிடம் சொல்லி வில்லையின் ஊக்கைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்தார். புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும். வில்லையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, ரேஷன் கார்டும் ஆதாரும் இருந்த கவரில் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? வைக்கச் சொன்னபடி வைத்திருக்கிறார்.

பிறகு அந்த மழை. விடிகிற நேரத்தில் ஆறு தெருவுக்குள் வந்தது. தொழுவில் முழங்கால் தண்ணீர். கட்டிய கயிற்றோடு விட்டால் மாடு மூழ்கிவிடும், அவிழ்த்துவிட்டால் நீந்திக் கரையேறும். ஆவுடையம்மாள் கயிற்றை அறுத்துவிட்டார். கவரை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஏறினார்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. கீழே ஒரு வாழைத்தோட்டத்தில் மாடுகள் ஒதுங்கிக் கிடந்தன. சேற்றில் எல்லாம் ஒரே நிறம். ஜே.சி.பி. குழி தோண்டிக்கொண்டிருந்தது. கரையில் சுண்ணாம்பு மூட்டைகள். மூக்கில் துணி கட்டிய ஜெபராணி ஒவ்வொரு மாட்டின் தலையருகிலும் குனிந்தார். ரீடரை நீட்டினார். பீப். போனில் பெயர் வரும். பெயரைச் சத்தமாக வாசிப்பார். கூட்டத்திலிருந்து ஒருவர் வெளியே வருவார். போட்டோ எடுப்பார்கள். அதன் பிறகு குழி.

இறப்பைப் பதிந்தால்தான் நிவாரணம். நிவாரணம் வந்தால்தான் அடுத்த மாடு.

வேலியோரம் கிடந்த ஒரு பசுவிடம் பீப் வரவில்லை. ஜெபராணி இரண்டு காதையும் சேறு வழித்துப் பார்த்தார். இடது காதில் ஓட்டை மட்டும் இருந்தது.

"அது என் செவலை." ஆவுடையம்மாள் முன்னால் வந்தார். "கொம்பு நுனி மொட்டையா இருக்கும் பாருங்க. கழுத்துல கெடக்கது என் சேலையில திரிச்ச கயிறு."

"கம்மல் எங்கம்மா?"

இடுப்பிலிருந்து கவரை எடுத்தார். "நனையவே இல்ல."

ஜெபராணி என்னைப் பார்த்தார். பிறகு ரீடரைக் கவருக்கு நேராக நீட்டினார். பீப். பசு, செவலை, சினை நான்கு மாதம். நிலை: உயிருடன்.

கூட்டத்தில் ஒருவர் சொன்னார். "கம்மலைக் காதோட ஒட்டவச்சு ஒரு அடி அடிச்சிருங்க தாயி. செத்த மாடா மாட்டேன்னு சொல்லப்போவுது?"

"ஊக்கை வெட்டியாச்சு அண்ணே, இனி பூட்டாது. போனு, காதுல மாட்டுனபடி போட்டோ கேக்குது. புதுசு குத்துனா இன்னைக்குப் பிறந்த மாடுன்னு எழுதிக்கிடும்."

தோட்டத்து முகப்பில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த கால்நடை மருத்துவரிடம் போனேன். வெளியூர்க்காரர், மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத முகம். அன்று காலையில்தான் ஒருவர், எப்போதோ விற்றுவிட்ட மாடுகளின் வில்லைகள் இரண்டைக் கொண்டுவந்து நிவாரணம் கேட்டு நீட்டியிருந்தாராம்.

"நான் சாட்சி சொல்றேன் சார்," என்றேன். "முகாம்ல நான் இருந்தேன்."

"அதுக்கப்புறம் இந்த மாட்டைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

"இப்போ பார்த்தா அடையாளம் தெரியுதா?"

தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

"அப்ப நீங்க கம்மலுக்குத்தான் சாட்சி சார். மாட்டுக்கு இல்ல."

நான் நிருபராக இருந்த காலத்தில் இதே கேள்விகளைத்தான் கேட்டிருப்பேன். கோபப்பட ஆள் கிடைக்காத இடத்தில் கோபம் எங்கே போகும்?

பக்கத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மனுவை நான் எழுதினேன். ஜெபராணி இரண்டு முறை அலைந்தார். "காது வில்லை இல்லாத கால்நடை" என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. ஆவுடையம்மாள் பீடி சுற்றப் போனார். இறப்பு பதிவாகாததால் செவலை கணினியில் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. ஊசிக்கு நாள் வந்தால் கூப்பிடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். செய்தியைச் சொன்னேன். ஆவுடையம்மாள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"வியாழக்கெழமையா... அன்னைக்குப் பீடி ஒப்படைக்கணுமே."

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "அந்தக் கம்மல் இன்னும் இருக்கா?" என்றேன்.

"கவர்லதான் இருக்கு. பத்திரமா வச்சிருக்கேன். நீங்க சொன்னியள்லா."

முகத்தை உற்றுப் பார்த்தேன். அதில் கிண்டல் இல்லை.

இருந்திருந்தால் தேவலை.