மூடிக்குள் எழுதிய தேதி

எங்கள் சர்வீஸ் சென்டரில் அவருக்குப் பெயர் சதவீதம். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது, அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'சதவீதம் சாப்பிடப் போயிருக்கார்', 'சதவீதத்துக்கு முதுகுவலியாம், லீவு' என்றுதான் பேச்சு. ஓடிக் களைத்த மின்சாரக் கார்களின் பேட்டரியைச் சோதித்து, புதிதாக இருந்ததில் இன்னும் எத்தனை சதவீதம் மிச்சம் என்று சொல்வது பதினொரு வருடமாக அவர் வேலை. நான் முன்னால் கவுண்ட்டரில் வருகிற வண்டிகளைப் பதிந்து ஜாப் கார்டு போடுபவள். வருகிறவர்கள் முதலில் என் முகத்தில்தான் விழிக்க வேண்டும், அது அவர்கள் தலையெழுத்து.

பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டி. அதற்குள் எழுபது சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் கம்பெனி முழுப் பேட்டரியையும் மாற்றித் தரும். எழுபத்தொன்று என்றால் முழுப் பேட்டரி கிடையாது; உள்ளே ஏதாவது ஒரு பகுதி பழுதாகியிருந்தால் அதை மட்டும் மாற்றுவோம், இல்லாவிட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவோம். அதனால் எங்களிடம் வருகிறவர்கள் தங்கள் வண்டி இன்னும் கொஞ்சம் கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று ஏங்கிக்கொண்டே வருவார்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அவர்கள் முகம் தொங்கிவிடும். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சதவீதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பாருங்க சார், அறுபத்தொன்பதா இருக்கப்போகுது" என்று கெஞ்சினார். "உங்ககிட்ட எந்தப் பையனாவது மார்க்கைக் குறைச்சுப் போடச் சொல்லிக் கேட்டிருக்கானா சார்?" என்று இவர் கேட்டார். வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது, குனிந்துகொண்டேன்.

வீட்டிலும் மனிதர் இப்படித்தான். போனில் சார்ஜ் எண்பதைத் தாண்டினால் பிடுங்கிவிடுவார். காலேஜுக்குப் போகும் மகள் அரைகுறை போனோடு போய் மத்தியானமே அது அணைந்துபோய்த் திரும்புவாள். துணி தைக்கும் அவர் மனைவி ஒரு தடவை இவரைத் தேடிப் போன் செய்தபோது என்னிடம் சொன்னார்: "இருபத்தாறு வருஷமா இவரோட குப்பை கொட்டுறேன். எனக்கு எத்தனை இருக்குன்னு ஒரு நாள் பார்த்திருப்பாரா?" நான் அதை அப்படியே அவரிடம் ஒப்பித்தேன். "அவளுக்கு வாரண்டி முடிஞ்சு போச்சும்மா, பார்த்து என்ன செய்ய" என்றார். சொல்லிவிட்டு, போகிற வழியில் அவளுக்கு முழங்கால் வலித் தைலம் வாங்க மறக்கக் கூடாது என்று கையில் எழுதிக்கொண்டார்.

எழுதுவது அவருக்கு ஒரு வியாதி. எந்தக் காரைச் சோதித்தாலும், பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் சர்வீஸ் மூடியைக் கழற்றி, அதன் உள்பக்கத்தில் வெள்ளை மார்க்கரால் தேதியும் எண்ணும் எழுதி, திரும்ப மூடிவிடுவார். கம்பெனி புது மென்பொருள் ஏற்றும்போதெல்லாம் பழைய கணக்கு அழிந்துவிடுகிறது, மூடி அழியாது என்பார். அந்த எழுத்து அங்கே இருப்பது வண்டிக்காரர்களுக்குத் தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் ஒரு நர்ஸம்மா வந்தார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற வேலை. ஒரு நாளைக்கு எட்டு வீடு, ஒன்றுக்கொன்று ஊரின் இந்த மூலையும் அந்த மூலையும். எங்கள் ஷோரூமில் வருகிறவர்கள் ஓட்டிப் பார்க்க வைத்திருந்த பார்வை வண்டியையே வாங்கி, ஏழு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் நாற்பது கிலோமீட்டர் ஓடும்னு காட்டுது, திடீர்னு பூஜ்யம் ஆகுது. என்னன்னு சும்மா பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார்.

சும்மா பார்ப்பது எங்களிடம் கிடையாது. கார்டு போட வேண்டும், போட்டால் சோதனைக்குக் கட்டணம் விழும். கார்டு இல்லாமல் வண்டியைத் தொட்டதற்காகச் சதவீதம் ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார். ஆனாலும் அவர் என்னைப் பார்த்தார். நர்ஸம்மாவின் செருப்பு வார் அறுந்து ஊக்கு போட்டிருந்ததை நானும் பார்த்திருந்தேன். "பக்கவாட்டு கேட் வழியா விடுங்க அண்ணே, மேனேஜர் சாப்பிடுறார்" என்று சொன்னது நான்தான்.

கால் மணி நேரத்தில் பார்த்துவிட்டார். மொத்தம் எழுபத்திரண்டு சதவீதம். பேட்டரிக்குள் இருக்கும் பன்னிரண்டு செல் கட்டுகளில் ஏழாவது மட்டும் நோஞ்சான். வண்டி திடீரென்று நிற்பது அதனால்தான்.

அங்கேதான் அவர் புத்திசாலித்தனம் செய்தார். "சிஸ்டர், இப்போ எழுதிக் குடுத்தா அந்த ஒரு கட்டை மட்டும் மாத்தி அனுப்பிடுவாங்க. அப்புறம் எண்ணு மேல ஏறிடும், எழுபதுக்குக் கீழ இறங்கவே இறங்காது. அஞ்சு மாசம் பொறுத்துக்கோங்க. ஜூலைல தானா அறுபத்தொன்பதுக்கு வந்துடும். முழுசா புதுப் பேட்டரி வாங்கிடலாம்."

"வாரண்டி இருக்குமா அப்போ?"

"நீங்க வாங்கினது ஜனவரி. அடுத்த ஜனவரி வரைக்கும் இருக்கு."

நர்ஸம்மா தலையாட்டிவிட்டுப் போனார். அந்த அறிவுரை தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் என்னைத்தான் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்த ஐந்து மாதத்தில் கார் நடுரோட்டில் நான்கு தடவை நின்றது. ஒரு தடவை மழையில். ஒரு பெரியவருக்குப் புண்ணில் கட்டு மாற்ற முடியாமல் போய், அந்த வீட்டுக்காரர்கள் வேறு நர்ஸை வைத்துக்கொண்டார்கள். அப்படி இரண்டு வீடு கைவிட்டுப் போயிற்று. ஜூலை மூன்றாம் தேதி வண்டியை இழுத்துக்கொண்டுதான் வந்தார்கள். முறையாகக் கார்டு போட்டேன். சோதித்ததில் அறுபத்தெட்டு. சதவீதம் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவர் அப்படி முகம் மலர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டரில் வண்டி எண்ணை அடித்தேன். 'வாரண்டி முடிந்தது: மே 19' என்று வந்தது. மறுபடி அடித்தேன், அதேதான் வந்தது. காரை ஷோரூமில் பார்வை வண்டியாக ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்தே எட்டு வருடம் ஓடியிருக்கிறது. நர்ஸம்மா வாங்குவதற்கு முன்னாலேயே எட்டு மாதம் போய்விட்டிருந்தது. பார்வை வண்டிகளுக்கு அதுதான் விதி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

நர்ஸம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பிப்ரவரியில வந்தப்போ இருந்துச்சுல்ல?" என்று மட்டும் கேட்டார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லித்தானே சார் நான் காத்திருந்தேன்" என்றார். இவர் ஸ்கேனர் வயரைச் சுற்றிக்கொண்டே நின்றார்.

மேனேஜர் மோசமானவர் இல்லை. "பிப்ரவரியில பழுதைக் கண்டுபிடிச்சதுக்கு எழுத்துல ஏதாவது இருந்தா ஒரு கட்டுக்காவது கேட்டு வாங்கலாம். அப்போ வாரண்டி உயிரோட இருந்துச்சே. ஆனா அவங்க வந்ததுக்கே பதிவு இல்லையே. நான் எதைக் காட்டுறது?" என்றார். அந்த ஒரு கட்டு வந்தால் வண்டி ஓடும். வராவிட்டால் நர்ஸம்மா மிச்சமிருக்கும் ஆறு வீட்டுக்கும் பஸ்ஸில் போக வேண்டும், அதில் இரண்டு வீட்டுப் பக்கம் பஸ்ஸே கிடையாது.

எழுத்து இருந்தது. பின் சீட்டுக்கு அடியில், மூடியின் உள்பக்கத்தில், அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் கார்டு இல்லாமல் மறுபடியும் வண்டியைத் தொட்டார் என்பதோடு, வாரண்டி இருக்கும்போதே பழுது தெரிந்தும் மறைத்தார் என்பதும் வெளியே வரும். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. மகளுக்குப் படிப்பு முடிய அதே இரண்டு வருடம்.

அன்று சாயங்காலம் அவர் என் கவுண்ட்டர் பக்கம் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரொம்ப அசதியா இருக்கும்மா" என்றார். "எத்தனை பேருக்கு எழுபத்தொண்ணுன்னு சொல்லி அனுப்பியிருப்பேன். ஒருத்தருக்காவது முழுசா வாங்கிக் குடுப்போம்னு பார்த்தேன். இருந்ததையும் கெடுத்துட்டேன்."

"அந்த மூடியில எழுதினது இந்த உலகத்துல நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது அண்ணே" என்றேன். நான் எதற்காக அப்படிச் சொன்னேன் என்பது அவருக்குப் புரிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஸ்க்ரூ கழற்றும் சத்தம் கேட்டது.

மூடியின் போட்டோவும் ஒரு பக்கக் கடிதமும் மறுநாள் காலை என் மேசைக்கு வந்தன. தலைமை அலுவலகத்துக்கு ஸ்கேன் செய்து அனுப்புவது என் வேலை. போட்டோவில் வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரிந்தது: பிப்ரவரி 11, 72, ஏழாவது பலவீனம். கடிதத்தை நின்றபடியே படித்தேன். 'சாப்பாட்டு நேரத்தில் கவுண்ட்டரில் யாரும் இல்லை. நானே பக்கவாட்டு கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விட்டேன்' என்று எழுதியிருந்தார்.

"அண்ணே, இது அப்படி நடக்கலையே" என்றேன்.

"உன் பையன் எத்தனாவது படிக்கிறான்?"

"அஞ்சாவது."

"அனுப்பும்மா."

நான் அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் ஏழாவது கட்டு வந்தது. இவரைப் பேட்டரிப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லி, வண்டி கழுவும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வுப் பணத்திலும் கை வைத்துவிட்டார்கள். கட்டை மாற்றியது வேறொரு மெக்கானிக். வண்டியை எடுக்க வந்த நர்ஸம்மா, தண்ணீர்க் குழாயோடு இவர் கிட்டே வருவதைப் பார்த்து, "நீங்க தொட வேண்டாம் சார், நான் வீட்டுல கழுவிக்கிறேன்" என்றார். அந்தக் கட்டு எப்படி வந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இவர் குழாயை மூடிவிட்டு, "சரிங்க சிஸ்டர்" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் நர்ஸம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேனேஜர் அறையும் பத்தடி தூரம்தான். இப்போதெல்லாம் டயருக்குக் காற்றடிக்க வந்தால்கூடக் கார்டு போடுகிறேன். சாயங்காலம் போகும்போது அவர் கவுண்ட்டரில் தட்டி, "வரட்டுமாம்மா, பையன் நல்லாப் படிக்கிறானா" என்று கேட்பார். நல்லாப் படிக்கிறான் அண்ணே என்பேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.