முதலாளியும் மரண வீட்டுப் பந்தலும்

போன வாரம் எங்கள் கம்பனி முதலாளியை அவருடைய சொந்த யார்ட்டின் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியவர் செக்கியூரிட்டி பண்டார. அவருக்கு அந்த உத்தரவைக் கொடுத்திருந்தது... நான்தான்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். புதியவர்களுக்காக ஒரு வரி: கண்டியில் ஒரு கட்டட நிர்மாணக் கம்பனியில் என்ஜினியர். யார்ட்டில் இருக்கிற இரும்பு, பலகை, மெஷின் எல்லாம் என் பொறுப்பு. எது வெளியே போவதென்றாலும் என் கையெழுத்து வேண்டும்.

அன்று பகல் ஃபோன் அடித்தது. முதலாளி. என்னை அவர் மகள் என்றுதான் கூப்பிடுவார்.

"மகள், ஒங்கட பண்டார என்னய உள்ளுக்கு உட்டான். பைப்ப வெளியில உடுறானில்ல!"

பின்னால் பண்டாரவின் குரலும் கேட்டது. "சேர் போகலாம் மிஸ். பைப் போக ஏலாது."

கேட்டுக்கு ஓடினேன். லொறியில் சாரம் கட்டும் ஸ்கஃபோல்டிங் பைப்கள், ஒரு சாக்கு நிறையக் கிளாம்புகள், கூரைக்கு மடித்த தறப்பாள். முதலாளியும் கைகொடுத்து ஏற்றியிருக்க வேண்டும். வெள்ளைச் சட்டையின் கையில் துரு.

"யாரு சேர்?" என்று மட்டும் கேட்டேன். அவர் இப்படிப் பைப் ஏற்றினால் யாரோ இறந்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அது தெரியும்.

"மாரி போய்ட்டான் மகள். காலையில."

மாரிமுத்து அண்ணன் மாநகர சபையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். முதலாளியின் பழைய வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர். ஹந்தானை மலைக்கு ஏறும் வழியில் செங்குத்தாகப் பிரியும் குறுகிய சந்து, ஓர் ஒழுங்கை அது. எங்கள் கம்பனி பிறந்ததே அங்கேதான். அப்போது ஒஃபீஸ் என்றால் வீட்டின் முன்னறை. யார்ட் என்றால் பக்கத்தில் இருந்த வெறும் நிலம். மழையில் சரிந்த மதில்களைத் திருப்பிக் கட்டிக் கொடுப்பதுதான் தொழில்.

அந்த ஒழுங்கைக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டாலும், கொஞ்ச நேரத்தில் பைப் இறக்கும் சத்தமும் கேட்கும். தமிழ் வீடு, சிங்கள வீடு, முஸ்லிம் வீடு என்றெல்லாம் இல்லை. யாரும் போய்க் கேட்பதும் இல்லை. வருகிறவர்கள் உட்கார வாசலில் பந்தல் வேண்டும். பைப் முதலாளியுடையது. தூக்குவது முழு ஒழுங்கையும். ஒரு முனையில் முதலாளி, மறுமுனையில் மாரிமுத்து அண்ணன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். முதலாளி ஏணியில். கீழே நின்று மாரிமுத்து அண்ணன் சத்தம் போடுகிறார். "என்ன முதலாளி, பந்தல் கோணலா நிக்குது! இப்படித்தான் ஊருக்கெல்லாம் கட்டடம் கட்டுறீங்களா?"

"பந்தல் நேராத்தான் ஈக்கிது மாரி. ஒன்ட தலதான் கோணல்!"

மரண வீடு என்பதை மறந்து நான்கு பேர் சிரித்தார்கள். உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்கூட எட்டிப் பார்த்தாள்.

பிறகு கம்பனி வளர்ந்தது. வளர்ந்தால் என்ன வரும்? பெரிய வேலைகள் வரும். பெரிய வேலைகளோடு பெரிய ஒப்பந்தங்கள், இன்ஷூரன்ஸ், பாதுகாப்பு விதிகள்... பிறகு என்னைப் போன்றவர்கள்.

ஒரு மழைக்காலத்தில் இப்படிப் பந்தல் போடும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையோடு வந்து மறுநாள் தேநீர் பரிமாறினார். ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்டார்: பந்தலைக் கட்டியது யார்? மேற்பார்வை யார்? 'ஒழுங்கை கட்டியது' என்று பதில் எழுத முடியுமா?

அதனால் விதி வந்தது. எங்கள் பைப் எங்கள் சைட்டுக்கு மட்டும். எழுதியது நான். கையெழுத்துப் போட்டது முதலாளி. இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன் — அதுதான் கஷ்டமே.

வருட முடிவில் கம்பனியின் சமூகப் பணிகள் என்று ஒரு பட்டியல் தயாரிப்பதும் நான்தான். பட்டியல் போடுவது எனக்குப் பிடித்த வேலை. பஸ் தரிப்பிடம், பாடசாலைக் கழிப்பறை, தெல்தோட்டைப் பக்கம் ஒரு தண்ணீர்த் தாங்கி. ஒவ்வொன்றிலும் எங்கள் பெயர்ப்பலகை. வருடா வருடம் பட்டியல் நீள்கிறது. பந்தல் மட்டும் அதில் ஒருநாளும் இருந்ததில்லை. அதனால் அதை நிறுத்தியபோது எதையோ நிறுத்துகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை... எனக்கும்தான்.

கேட்டுக்கு வருவோம்.

'நான் செல்றேன், தொற' என்று ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் பண்டார திறந்திருப்பார். முதலாளி அதட்டவில்லை. என்னிடம் கேட்டார்.

"நம்மட ஆக்கள அனுப்பிக் கட்டினா?"

"அதுவும் சைட் இல்லையே சேர். யாராவது விழுந்தா அவங்களுக்கு இன்ஷூரன்ஸ்ல ஒரு சதம் கெடைக்காது."

"அப்ப நானே கட்டினா?"

"ஏணியில ஏறக் கூடாதுன்னு டொக்டர் சொல்லியிருக்காரு."

பண்டாரவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே தொப்பியைச் சரிசெய்கிற பாவனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி சிரிக்கவில்லை.

"நான் பாக்கியத்துக்கிட்ட வாக்குக் குடுத்துட்டன் மகள். பந்தல் என்ட பொறுப்பு, நீங்க அழுங்கன்னு செல்லிட்டு வந்தன்."

பாக்கியம் அக்கா என்பது மாரிமுத்து அண்ணனின் மனைவி. பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் இனி அவர் மட்டும்தான்.

முதலாளி லொறியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி... எறக்குங்க" என்றார்.

டென்ட் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். நல்ல டென்ட்தான். வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் சுருக்கு வைத்த மடிப்பு. ஆனால் டென்ட்டின் கால்கள் எல்லாம் ஒரே உயரம். அந்த ஒழுங்கையில் சமதரை எங்கே இருக்கிறது? எங்கள் பைப் என்றால் ஒரு காலை இடுப்பளவிலும் இன்னொன்றை ஆளுயரத்துக்கு மேலும் வைத்துக் கிளாம்பை இறுக்கிவிடலாம். டென்ட் கொண்டுவந்தவர்கள் வாசலைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். "இங்க நிக்காது." கீழே, ஒழுங்கை தொடங்கும் இடத்தில், ஒரு கடைக்கு முன்னால், வாகனம் திருப்புகிற சமதரையில் அடித்துவிட்டுப் போனார்கள்.

மாலையில் முதலாளியோடு நானும் போனேன். ஹந்தானைப் பக்கமிருந்து மழை இறங்கியிருந்தது.

கீழே டென்ட் நிறையச் சனம். பிளேன்டீ, அரசியல், கிரிக்கெட். இரண்டிரண்டு பேராகக் குடை பிடித்துக்கொண்டு படியேறினார்கள். மாலையை வைத்தார்கள், கும்பிட்டார்கள், இறங்கினார்கள். நனைந்துகொண்டு மேலே யார் நிற்பார்கள்?

மேலே வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள் மழையில் வெறுமையாகக் கிடந்தன. உள்ளே சவப்பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் பாக்கியம் அக்கா. துணைக்கு வயதான உறவுக்காரப் பெண் ஒருவர், அவரும் தூங்கிவிட்டிருந்தார்.

"கீழ நெறைய சனம் போல. சத்தம் கேக்குது" என்றார் பாக்கியம் அக்கா. "யாரு யாரு வந்திருக்காங்கன்னுதான் தெரியல." பிறகு முதலாளியைப் பார்த்து, "டென்ட் ரொம்ப அழகா இருக்காம் முதலாளி. வந்தவங்க சொன்னாங்க" என்றார்.

அவர் பெட்டியை விட்டு எழுந்து போய் அதைப் பார்க்கவே இல்லை.

முதலாளி வாசலிலேயே நின்றார். மழையில்.

"உள்ள வாங்க. நனையிறீங்க."

"ஈக்கட்டும் தங்கச்சி. நான் இங்கயே நிக்கிறேன்."

"இந்த ரோட்டுல எத்தன சாவு விழுந்திருக்கும்... ஒரு தடவையாவது நீங்க உள்ள வந்து ஒக்காந்து நான் பாத்ததில்ல. வாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஒழுங்கையின் எல்லா மரண வீடுகளுக்கும் வந்தவர் அவர். ஆனால் ஒன்றிலும் துக்கம் விசாரித்தவர் இல்லை. எப்போதும் ஏணியில், கையில் ஸ்பானரோடு. பந்தல் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். சொல்ல வேண்டியதை எல்லாம் பந்தலே சொல்லியிருக்கிறது.

உள்ளே வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்தார். பாக்கியம் அக்காவைப் பார்த்தார். கடைசியில், "மழ இன்னிக்கி கொஞ்சம் கூடத்தான்" என்றார்.

"ஆமா முதலாளி" என்றார் பாக்கியம் அக்கா.

அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது வாகனத்தில் முதலாளி கேட்டார். "மகள், மையத்து வூட்டுல உள்ளுக்கு குந்தினா என்னத்தப் பேசுற?"

"ஒண்ணும் பேசத் தேவையில்ல சேர். கூட இருந்தாலே போதும்."

"அவ்வளவு தானா?" நம்ப முடியாத விலைக்கு யாரோ டெண்டர் போட்டுவிட்டதைப் போல என்னைப் பார்த்தார்.

விதியை மாற்ற வழி இருக்கிறதா என்று அன்றிரவு யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன். சுலபமான பதில் எதுவும் கிடைக்கவில்லை. ஆபத்து எத்தனை வகைப்படும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். ஒரு வாசலில் யாரும் இல்லாமல் போவதை எந்த வகையில் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை ஒஃபீஸில் முக்கியமான மீட்டிங். புதிய கட்டட வேலை ஒன்றைப் பேச கொழும்பிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். முதலாளியின் கதிரை காலி. ஃபோனுக்கும் பதில் இல்லை. டிரைவரைக் கேட்டேன். விடிந்ததும் ஹந்தானை வழியில் இறக்கிவிட்டாராம். திரும்பி வர வேண்டாம், பெட்டி எடுத்த பிறகு கூப்பிடுகிறேன் என்றாராம்.

வந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்கள் சேர்மன் எங்கே?"

"சைட்டில் இருக்கிறார்" என்றேன்.