போதும் என்றாலும் நிற்காத புரோகிராம்

ரூபி என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ள அண்ணனின் லேப்டாப்பை வாங்கி வைத்திருக்கிறேன். "இன்னைக்கு ஒரு புரோகிராமாச்சும் ஓட்டிக் காட்டு. இல்லன்னா திருப்பிக் குடுத்துடு" என்றான்.

ஓட்டினேன். "இன்னொரு தோசை?" என்று கேட்கும். "போதும்" என்று தட்டினால் நிற்க வேண்டும்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் தட்டினான். மறுபடியும் "இன்னொரு தோசை?" நிற்கவே இல்லை. கடைசியில் அழுத்தும் எண்டரையும் ரூபி சேர்த்தே படிக்குமாம்; அதனால் அதற்கு அது வெறும் "போதும்" இல்லை. அதை நீக்க மறந்திருந்தேன்.

"தப்பு! லேப்டாப்பக் குடு."

ஆண்டிமடத்திலிருந்து வந்திருந்த அத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னடா தப்பு? போதும்னு சொன்னா உடனே வுட்டுடுறதா? புள்ள சரியாத்தான் கேக்க வச்சிருக்கா" என்றபடி அவன் தட்டில் இன்னொரு தோசையை வைத்தார்.

வாய் நிறைய தோசை. அண்ணனால் வாதாட முடியவில்லை. லேப்டாப் என்னிடமே இருக்கிறது.

புரோகிராமைத் திருத்திவிட்டேன். அத்தையை நிறுத்த என்ன எழுத வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.