நீல மைக் கோடு

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு கட்டை சாய்ந்திருக்கிறது. பெருவிரல் தடிப்பு இருக்கும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு நிறமாகக் கறுப்பும் வெள்ளையும் பூசியது. நீளம் சரியாகத் தொண்ணூற்றொரு சென்டிமீட்டர். அதன் மேல் முனைக்குக் கீழே மூன்று கோடுகள் உள்ளன. இரண்டு பென்சில் கோடுகள், அவற்றுக்கு மேலே நீல மையில் ஒன்று. வருகிறவர்கள் என்னவென்று கேட்டால், பிள்ளையின் உயரம் பார்க்க வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். இப்போது அது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டையை வெட்டியபோது என் மகள் பிறக்கவில்லை. பென்சில் கோடுகள் அண்ணன் போட்டவை. நீலக் கோடு நான் போட்டது. கூட்டும்போது கதவை இழுத்தால் அந்தக் கோடுதான் முதலில் கண்ணில் படும். உடனே கதவைத் திரும்பத் தள்ளிவிடுவேன்.

அண்ணன் கட்டாரில் ஐந்து வருஷம் ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் கடையின் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை செய்தார். பெட்டி கிழிந்துபோன பிளாஸ்டிக் வாகன மாதிரிகளை வேலைக்காரர்களுக்கே கொடுத்துவிடுவார்களாம். கப்பல், விமானம், லொறி என்று எல்லாம் சிறு சிறு துண்டுகளாக ஒரு சட்டத்தில் ஒட்டியிருக்கும். வெட்டி எடுத்து, உரசி, பசை வைத்து, வர்ணம் பூச வேண்டும். அதைத் தனியாகவே செய்து பழகிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். மஸ்கெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது இரண்டு சூட்கேசிலும் பெரும்பாலும் அந்தப் பெட்டிகள்தான். "ஊருல உள்ளவனெல்லாம் நகை கொண்டாந்தான், எம்மவன் பொம்ம கொண்டாந்திருக்கான்" என்று அம்மா, வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுவதும் கேட்கச் சொன்னார். அண்ணன் சிரித்தார். "நகைய அடகு வச்சிருவீங்க. இத எவன் எடுப்பான்?"

ஒட்டுவதைவிடத் தேடுவதில்தான் அவருக்கு அதிக நேரம் போனது. ஒரு பழைய இராணுவ லொறியின் மாதிரியை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லொறியாக மாற்றப் போவதாகச் சொன்னார். உண்மையான லொறி முப்பத்தைந்து பங்கு சுருங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. அந்த லொறி தேயிலைத் தொழிற்சாலையின் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது; பாதிப் பாகங்கள் இல்லை. மீதியைத் தேடி அவர் வீடு வீடாகப் போய்க் கல்யாண அல்பங்களைக் கேட்டார். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு வந்தது அந்த லொறிதானே. பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு, பின்னால் மங்கலாகத் தெரியும் விளக்கையும் கண்ணாடியையும் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருப்பார். "பொண்ணு பாக்க வந்தியா தம்பி, லொறி பாக்க வந்தியா?" என்று கேட்காத வீடு இல்லை. லொறியை ஓட்டிய பழைய டிரைவர், பின்கதவில் நான்கு கொக்கிகள்தான் இருந்தன என்று சத்தியம் செய்தார். எங்கள் பெரியம்மாவின் கல்யாணப் படத்தில் ஆறு இருந்தன. அண்ணன் ஆறு வைத்தார். "டிரைவர் அய்யா பொய் சொல்லல. அவரு மனசுல நாலுதான் இருக்கு. நாம படத்தத்தான் நம்பணும்" என்றார்.

அப்போது பிரசவத்துக்காக நான் அம்மா வீட்டில் இருந்தேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள் என்பதால் முப்பத்தைந்தால் பிரிக்கிற வேலையை அண்ணன் என்னிடம் தந்தார். லொறியைத் தனியாக வைத்தால் உயிர் இருக்காது, எங்கள் லயத்தின் பக்கத்தில் நிற்பதுபோல் செய்யவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பத்துக்கு ஒன்றாக எட்டுக் காம்பராக்கள், பின்னால் அடுப்படிகள், அதற்குப் பின்னால் தண்ணீர் ஓடும் ஒரு கான், கானுக்கு அப்பால் மலையைத் தாங்கி நிற்கும் கல்கட்டு. எல்லாவற்றையும் அளந்தார். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கிழமை, எங்கள் அடுப்படிச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்து, அங்கிருந்து எதிரே கல்கட்டில் வெள்ளை நரம்பு ஓடிய ஒரு கல் வரைக்கும் சரியாகப் பொருந்தும்படி இந்தக் கட்டையை வெட்டினார். நான் நிறைமாத வயிற்றோடு அடுப்படி வாசலில் நின்று கொப்பியில் எழுதினேன்: தொண்ணூற்றொன்று. முப்பத்தைந்தால் பிரித்தால் மீதி இல்லாமல் இருபத்தாறு மில்லிமீட்டர். மீதி வராததில் இருவருக்கும் ஒரு சின்ன மகிழ்ச்சி.

ஆடி மாதத்தில், கல்கட்டைப் பிளாஸ்டிக் தகட்டில் செய்து முடித்து ஒட்டுவதற்கு முன்னால், எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். "டீச்சர், இங்க வாங்களேன். கட்ட உள்ளுக்குப் போக மாட்டேங்குது."

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். கட்டையின் ஒரு முனை சுண்ணாம்புப் பொட்டில் இருந்தது. மறுமுனை அந்தக் கல்லில் முட்டிக்கொண்டு சாய்வாக நின்றது. கட்டை உள்ளே போகக்கூடிய அளவில் அவர் பென்சிலால் கோடு போட்டார். எண்பத்தேழரை. இடைவெளி மூன்றரை சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

அப்போது நான் என்ன சொன்னேன் என்பது ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "ரெண்டு மாசமா மழை அண்ணே. கட்ட ஊறி நீண்டிருக்கும்." ஊறின மரம் பருக்குமே தவிர நீளத்தில் அப்படி வளராது. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சொன்னேன், அவரும் நம்பினார், நான் படித்தவள் என்பதால். ஒரு கிழமை அந்தக் கட்டையை அடுப்புக்கு மேலே பரணில் போட்டுக் காயவைத்தோம். அம்மா, "வெறகுன்னு நெனச்சு வச்சிரப் போறேன்" என்று திட்டிக்கொண்டே இருந்தார். காய்ந்த பிறகும் அது உள்ளே போகவில்லை. "அப்போ மொத தடவ நாம சரியா அளக்கல" என்றேன். "ரெண்டையும் கூட்டி ரெண்டால பிரிச்சிருங்க. பிழை நடுவுல சரியாப் போயிரும்." பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற வழிதான். மேசையிலிருந்த நீலப் பேனையை எடுத்து, முனைக்கும் பென்சில் கோட்டுக்கும் நடுவில் நானே ஒரு கோடு போட்டேன். மாதிரியில் இருபத்தைந்தரை மில்லிமீட்டர். அண்ணன் கல்கட்டை அந்த அளவில் ஒட்டினார். ஒட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "என்னமோ ஒறுத்துதே, டீச்சர்" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை அழுதது, போய்விட்டேன்.

என் பயம் இன்றும் அந்த ஒரு மாதத்தில்தான் நிற்கிறது. குளிருக்கு அடுப்படிதான் சூடு என்று மகளின் சேலைத் தொட்டிலை அங்கேதான் கட்டியிருந்தோம். சுண்ணாம்புப் பொட்டு இருந்த அதே சுவரோரம். நடுவே ஒரு சுவரும் எண்பத்தேழரை சென்டிமீட்டரும் மட்டும். நான் கூட்டிப் பிரித்து அழித்துவிட்ட கணக்கின் அடியில் அவள் ஒரு மாதம் தூங்கினாள். அந்த மாதம் மழை கொஞ்சம் கூடியிருந்தால் என்று நினைப்பேன். நினைக்காதே என்று கணவர் சொல்கிறார். ஒன்றும் ஆகவில்லையே என்கிறார். ஒன்றும் ஆகாதது என்னால் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஆவணியில் ஒருநாள் அண்ணன் மூன்றாம் தடவை அளந்தார். யாரும் சொல்லவில்லை, அந்த அரை மில்லிமீட்டர் அவரை விடவில்லை. உள்ளே வந்தவர் கட்டையை என் மடியில் வைத்தார். இரண்டாவது பென்சில் கோடு எண்பத்து நான்கில் இருந்தது.

"பிழைன்னா அங்கயும் போகும் இங்கயும் போகும். இது ஒரே பக்கமா போகுது தங்கச்சி" என்றார். டீச்சர் என்று சொல்லவில்லை. "மொத மூணரைக்கு மூணு மாசம். இந்த மூணரைக்கு ஒரே மாசம்."

நான் முதலில் தொட்டிலை அவிழ்த்தேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் கை தானாகவே அவிழ்த்தது. 

லயத்துத் தலைவரிடம் சொன்னோம். அவர் தோட்ட அலுவலகத்தில் சொன்னார். ஆள் அனுப்புவதாகப் பதில் வந்தது, கிழமைகள் போயின. லயத்தில் சிரித்தார்கள். "பொம்ம லொறிக்கு அளந்த பய இப்ப மலைய அளக்குறானாம்." "கட்டாருல மல இல்ல, இங்க வந்து பயந்துட்டான் பாவம்." எங்கள் தாத்தா காலத்திலிருந்து நிற்கிற கல்கட்டு, ஏழு சென்டிமீட்டருக்காகத் தீபாவளி நேரத்தில் வீட்டைப் போட்டுவிட்டு எங்கே போவது என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. எண்ணைச் சொன்னால் யாருக்குப் பயம் வரும்? சொன்ன எனக்கே ஒரு மாதம் வரவில்லையே.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அண்ணன் தன் மாதிரியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் ஸ்டூல்மேல் வைத்தார். அதுவரை யாருக்கும் காட்டாதது. சனம் கூடிவிட்டது. லொறியை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் காம்பராவைத் தேடினார்கள். கூரைத் தகரத்தின் மேல் வைத்த கல் எத்தனையோ அத்தனை, எந்தக் கதவில் என்ன நிறமோ அந்த நிறம், கொடியில் துணி, கானோரத்தில் நகத்தளவு வாளி. "ஏய், இது எங்க வூட்டு வாளிடி! கைபிடி ஒடைஞ்சதக்கூட விடல பாரு" என்று ஒரு அக்கா கத்தினார். எல்லோரும் சிரித்து அடங்கும் வரைக்கும் அண்ணன் காத்திருந்தார். பிறகு கத்தியை எடுத்து, ஒட்டிய கல்கட்டின் அடியில் விட்டு நெம்பினார். பிளாஸ்டிக் உடைகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒன்றரை வருஷ வேலை.

"சித்திரையில இங்க இருந்துச்சு" என்று இருபத்தாறில் நிறுத்தினார். "ஆடியில இங்க. ஆவணியில இங்க." ஒவ்வொரு மில்லிமீட்டராக நகர்த்தினார். "ஐப்பசி மழை இன்னும் பேயல. பேஞ்சா?" விரலால் மெதுவாகச் சாய்த்தார். கல்கட்டு அடுப்படிகளின் மேல் படுத்தது. அந்த வாளி உருண்டு கீழே விழுந்தது.

கடைசிக் காம்பரா அத்தை குனிந்து பார்த்தார். "தம்பி, இது என் அடுப்படிதானே?"

"ஆமாங்க அத்த."

"நான் அங்கதானப்பா படுக்குறது" என்றார். அன்று பின்னேரமே பாயைச் சுருட்டிக்கொண்டு லிந்துலையில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பாடசாலை மண்டபத்துக்கும் உறவுக்காரர் வீடுகளுக்கும் கிளம்பினார்கள். தலைவர் குடும்பம்தான் கடைசி, ஐப்பசி மழை தொடங்கிய அன்று.

நாலாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்குக் கல்கட்டு விழுந்தது. பாடசாலை மண்டபத்தில் பிள்ளையை மடியில் வைத்திருந்தேன். லொறி கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுநாள் போய்ப் பார்த்தபோது நான்கு அடுப்படிகள் மண்ணால் நிறைந்திருந்தன. எங்களுடையதில் மண் உத்தரம் வரைக்கும் வந்திருந்தது. உத்தரத்தில் தொட்டில் கட்டிய கயிற்றின் முடிச்சு மட்டும் வெளியே தெரிந்தது. அவசரத்தில் சேலையை அவிழ்த்தபோது கயிற்றை விட்டுவிட்டிருந்தேன். மண் அந்த முடிச்சின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணனைக் கொண்டாடுவார்கள் என்று நினைத்தேன். கொஞ்சப் பேர் கையைப் பிடித்து அழுதார்கள். ஆனால் தீபாவளி முடிவதற்குள் இன்னொரு பேச்சும் கிளம்பியது: அவன் பொம்மையில் உடைத்துக் காட்டினான், அதனால்தான் நிஜத்திலும் உடைந்தது. சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை, வீடு போனவர்கள். அண்ணன் அடுத்த வருஷம் திரும்பவும் கட்டாருக்குப் போனார். மாதிரியை அம்மாவின் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார், கல்கட்டு இல்லாமலேயே. கட்டையை என்னிடம் தந்தார். "எதுக்கு அண்ணே?" என்றேன். "நீதான் அளக்கத் தெரிஞ்சவ" என்றார். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அதுதான் தாங்கவில்லை.

இப்போது தோட்டத்தின் மறுபக்கத்தில் அம்மாவுக்குக் கிடைத்த ஏழு பேர்ச் நிலத்தில் கட்டிய வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு மூன்று வயதாகப் போகிறது. மாதம் ஒருமுறை அவளைச் சுவரோடு நிறுத்தி இந்தக் கட்டையை வைத்துப் பார்க்கிறேன். முதலில் எண்பத்து நான்கைத் தாண்டினாள். பிறகு எண்பத்தேழரை. நேற்று அவள் தலை நீலக் கோட்டைத் தொட்டது. சரியாகத்தான் நிற்கிறாளா என்று குதியைப் பார்த்தேன், கட்டை நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன், மூன்று தடவை அளந்தேன். அவள் பொறுமை இழந்து, "அம்மா, போதும்!" என்று ஓடிவிட்டாள்.

அண்ணனுக்கு அழைத்துச் சொன்னேன். "எத்தன தடவ அளந்த?" என்று கேட்டார்.

"மூணு தடவ."

"கூட்டிப் பிரிக்கலையே?"

"இல்ல அண்ணே."

அந்தப் பக்கம் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தது அதுதான் முதல் தடவை.

அழைப்பை வைத்துவிட்டு, கட்டையை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன். இங்கும் ஒரு மண்திட்டு இருக்கிறது. வெட்டி இரண்டு வருஷம்தான் ஆகிறது, புல் நன்றாகப் பிடித்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். சுவருக்கும் திட்டுக்கும் நடுவில் கட்டையைக் குறுக்கே பிடித்தேன். ஒரு விரல் இடைவெளியோடு தாராளமாகப் போனது. வெளியே எடுத்து, விரலை வைத்து, இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். பிறகு மூன்றாம் தடவை.