மலர் அக்கா ஏறிய கோட்டை

தொலைபேசியில் மலர் அக்காவின் பெயர்தான் தெரிந்தது. சூரிச்சில் வேலை முடிந்து ட்ராமுக்குக் காத்து நின்றேன். "அக்கா, ட்ராம் வருது. வீட்டை போய்க் கோல் எடுக்கிறன்" என்றேன். "அன்ரி, நான் துர்க்கா கதைக்கிறன்" என்று அவருடைய மகளின் குரல் கேட்டது. "அம்மா போயிட்டா, அன்ரி. காலமை எழும்பேல்லை." அந்த ட்ராம் வந்து போனது. அதற்குப் பின் வந்ததும் போனது. நான் எதிலும் ஏறவில்லை.

ஷாஃப்ஹவுசனில் வாழும் உங்களில் பலருக்கு அவரைக் கோயிலில் தெரிந்திருக்கும். திருவிழா நாட்களில் அன்னதானத்துக்குக் கறிக்காய் வெட்டுகிறவர்களின் நடுவில் இருந்துகொண்டு, எல்லாருடைய பிள்ளைகளின் பெயரையும் சொல்லிச் சுகம் விசாரிப்பார். அந்த மலர் அக்காவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுத நினைப்பது ஸ்பெயினின் பழைய கோட்டைகளிலும் அரண்மனைகளிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த மலர் அக்காவைப் பற்றி. அங்கே நடந்ததைத் துர்க்காவுக்குச் சொல்லி, அவள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரு காலத்தில் ஷாஃப்ஹவுசனில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் ஒன்றாக வேலை செய்தோம். நான் அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டு முதல் வேலைக்குப் போன இடம் அது. டொச்சு, அதுதான் ஜெர்மன் மொழி, எனக்கு வாயில் வராது. தலைமைச் சமையற்காரர் எதையாவது சத்தமாகச் சொன்னால் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு நிற்பேன். மலர் அக்கா பக்கத்தில் நின்று, அந்தச் சமையற்காரரின் வாயைப் பார்க்காமல் கையைப் பார்க்கச் சொல்லித் தந்தார். "அந்தாள் கத்துறது எங்களோடை இல்லை, பிள்ளை. அவற்ரை சோஸ் திரைஞ்சு போச்சு" என்றார் ஒருநாள். அந்தக் குசினியில் நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

எங்களோடு பிலார் என்ற ஸ்பானியப் பெண்ணும் வேலை செய்தாள். செகோவியாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. மூன்று பேரும் எங்களுக்கு வந்த அரைகுறை டொச்சில் கதைப்போம். அது எங்களைத் தவிர ஒருவருக்கும் விளங்காது. பிலார் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய பிறகும் ஞாயிறு தவறாமல் மலர் அக்காவுக்குத் தொலைபேசி எடுப்பாள். எப்போது வருகிறாய் என்பதுதான் அவள் கேட்கும் முதற் கேள்வி.

மலர் அக்காவிடம் எனக்கு விளங்காத ஒரு விஷயம் இருந்தது. ஷாஃப்ஹவுசனின் தலைக்கு மேலே மூனோட் என்ற வட்டக் கோட்டை நிற்கிறது. சரிவில் திராட்சைத் தோட்டம், அகழியில் மான்கள். ஊரில் எல்லாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் இடம். இல்லத்தின் கோடைகால ஒன்றுகூடல் ஒருமுறை அங்கே நடந்தது. மலர் அக்கா வரவில்லை. முழங்கால் நோ என்றார். அதே முழங்காலோடு அடுத்த நாள் மாவு மூட்டை தூக்கினார். வேறு ஒருநாள் நான் தனியாகக் கேட்டபோது, "எனக்குக் கோட்டை எண்டால் சரிவராது" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அதனால், கணவர் காலமான அடுத்த வருடம் அவர் என்னிடம் வந்து, "கௌரி, பிலாரிட்டைப் போவமோ? அங்கை நிறையக் கோட்டை இருக்காம். பாக்கவேணும்" என்று சொன்னபோது நான் திகைத்துப்போனேன். "தனியப் போகப் பயமாக் கிடக்கு. நீரும் வாரும்" என்றார். நான் லீவு எழுதிக் கொடுத்தேன்.

மத்ரித் விமான நிலையத்தில் பிலார் காத்து நின்றாள். தன் வீட்டில் தன்னுடைய கட்டிலை மலர் அக்காவுக்குக் கொடுத்துவிட்டு அவள் சோஃபாவில் படுத்தாள். முதலில் எங்களை ஆவிலாவுக்குக் கூட்டிப்போனாள். ஊரை முழுதாகச் சுற்றி நிற்கும் மதில், அதில் இடைவிடாமல் கோபுரங்கள். மேலே ஏறி நடக்கலாம். மலர் அக்கா ஏறவில்லை. வெளிப்பக்கமாக மதிலைக் கையால் தொட்டுத் தொட்டு நடந்தார். பிறகு ஒரு கடையில் முட்டை மஞ்சட்கருவில் செய்த இனிப்பை வாங்கிச் சாப்பிட்டு, "சீனி கூட. ஆனா இன்னொண்டு தாரும்" என்றார்.

இன்னொரு நாள் மலையடிவாரத்தில் இருந்த அரச மாளிகைக்குப் போனோம். அறைக்குப் பின் அறையாகக் கண்ணாடிகளும் சரவிளக்குகளும். எல்லாரும் கூரையில் இருந்த சித்திரங்களை அண்ணாந்து பார்த்தார்கள். மலர் அக்கா விளக்குகளைப் பார்த்து, "இதைக் கழட்டித் துடைச்சுத் திருப்பிக் கொழுவ எத்தினை நாள் செண்டிருக்கும் இங்கை வேலை செய்ததுகளுக்கு?" என்று கேட்டார். பிலார் சிரித்த சிரிப்பில் காவலாளி வந்து விரலை வாயில் வைத்தார். அந்த நாட்களில் அவர் சந்தோஷமாக இருந்தார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பிறகு செகோவியா. பழைய ஊரின் ஒடுங்கிய தெருக்கள் வழியாகப் போனால் பாறை முடியும் இடத்தில் கோட்டை. அதற்கு முன்னால் மரங்கள் நிற்கும் ஒரு சதுக்கம். மலர் அக்கா அங்கே ஒரு மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. "அக்கா, இங்கை இருந்தே பாப்பம். உள்ளை போகத் தேவையில்லை" என்றேன். "இல்லை, கௌரி. இதுக்குத்தான் வந்தனான்" என்று எழும்பினார். பிலார் படி ஏற முடியாது என்று கீழே நின்றாள்.

உள்ளே பழைய பீரங்கிகளை வைத்திருந்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அவற்றைக் கடந்தார். கோபுரத்துக்குப் போகும் படி மிக ஒடுக்கம். இடையிடையே நின்று, என் தோளைப் பிடித்து மூச்சு வாங்கி, மேலே வந்து சேர்ந்தார். நல்ல காற்று. கீழே முழு ஊரும் தெரிந்தது. அவர் மதிலோரத்தில் போய் நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகுதான் சொன்னார்.

"எங்கடை வீடு யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கிட்ட. அதுக்குள்ளை ஆமி இருந்தது; கோட்டை எண்டால் எங்களுக்கு ஷெல் வாற இடம். என்ரை தம்பி ரூபனை அம்மா பேக்கரிக்குப் பாண் வாங்க அனுப்பினவ. பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டோடை சைக்கிள்ளை போனவன். ரோட்டிலை ஒருத்தரும் இல்லை, அவன் மட்டும்தான்."

நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"சின்னப் பொடியன் எண்டு தெரியாமல் அடிச்சிட்டாங்கள் எண்டு அம்மா சாகும்மட்டும் சொன்னவ. அவ்வளவு தூரத்திலை ஆள் தெரியாது பிள்ளை எண்டு சொல்லுவா. நானும் அதைத்தான் நம்பிக்கொண்டு இருந்தனான். ஒருக்கா ஒரு கோட்டைக்கு உள்ளை நிண்டு, ஆள் தெரியுதோ எண்டு பாக்கவேணும் எண்டு கிடந்தது."

கீழே தூரத்துத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பணியாளர் கதிரைகளை எடுத்து வெளியே அடுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. மலர் அக்கா விரலை நீட்டி அவரைக் காட்டினார்.

"தெரியுது, கௌரி."

"அக்கா, அது வேறை கோட்டை. தூரமும் வேறை."

"ஓம். வேறைதான்." நீட்டிய விரலை அவர் இறக்கவில்லை. "எண்டாலும் தெரியுது."

பிறகு அந்தக் கல்நிலத்திலேயே இருந்து அழுதார். கணவரின் செத்தவீட்டில்கூட அவர் அப்படி அழுததை நான் பார்க்கவில்லை. சுற்றுலாவுக்கு வந்தவர்கள் விலகி நடந்தார்கள். ஒரு இளம் பெண் தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அழுது முடிந்ததும் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அம்மா இப்ப உயிரோடை இல்லை. அது நல்லது. அவவுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை" என்றார். இந்த வார்த்தைகள் என் நெஞ்சில் இன்னும் கிடக்கின்றன.

கீழே பிலார் காத்து நின்றாள். மலர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிப்பிடித்தாள். அன்று இரவு உள்ளிப்பூண்டு போட்டு ஒரு சூப் காய்ச்சித் தந்தாள். மலர் அக்கா குடித்துவிட்டு, "இது எங்கடை ரசத்தின்ரை தங்கச்சி" என்றார். அதை டொச்சில் பிலாருக்குச் சொல்ல எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

சுவிஸுக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மூனோட்டுக்குப் போவம், வாரும்" என்று அவரே கூப்பிட்டார். சூரிச்சிலிருந்து ரயில் ஏறிப் போனேன். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே நிதானமாக ஏறினார். அகழிக்குள் நின்ற மான்களைப் பார்த்தபோது அவருடைய முகம் இளகியது. "இவ்வளவு காலமும் பாக்காமல் விட்டிட்டன். எல்லாக் கோட்டைக்குள்ளையும் இப்பிடி மான் விட்டால் என்ன, கௌரி?" என்று கேட்டார். அதற்குப் பிறகு துர்க்காவின் பிள்ளையை அவர் அடிக்கடி அங்கே கூட்டிப்போனார் என்று அறிந்தேன்.

அடுத்த இளவேனிலுக்கு நாங்கள் ஒரு பயணம் பேசி வைத்திருந்தோம். தெற்கே கிரனாடாவில் இருக்கும் பழைய மாளிகைக்கு. பிலாரும் வருவதாக இருந்தாள். அதற்குள் மலர் அக்காவுக்குத் தலையில் இரத்தக் குழாய் வெடித்ததாம். நோ தெரிந்திருக்காது என்று வைத்தியர் துர்க்காவிடம் சொன்னாராம். அதை நம்பத்தான் எல்லாரும் முயல்கிறோம்.

பிலாருக்கு நான்தான் சொன்னேன். அவள் முதலில் ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னாள். பிறகு எங்கள் பழைய டொச்சில், "அவளுடைய கட்டிலை நான் மாற்றவில்லை. வருவாள் என்று விரித்தபடி இருக்கிறது" என்றாள். இருவரும் தொலைபேசியைப் பிடித்தபடி அழுதோம்.

தகனத்துக்கு அவள் வந்தாள். முழங்கால் நோவோடு, விமானம் ஏறி, கறுப்புச் சட்டையோடு. எங்கள் சடங்குகள் ஒன்றும் தெரியாமல் முன்வரிசையில் நின்று, மற்றப் பெண்கள் செய்ததைப் பார்த்துப் பெட்டிக்குள் பூவும் அரிசியும் போட்டாள். அவள் யார் என்று உங்களில் சிலர் என்னைக் கேட்டீர்கள். அப்போது சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

நாளை அவருடைய முப்பத்தோராம் நாள் கிரியை. மலர் அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, கிரனாடாப் பயணத்தைப் பற்றி அவர் அனுப்பிய ஒரு குரற்செய்தி. அவர் போவதற்கு முந்திய கிழமை வந்தது. "கௌரி, அங்கை தோட்டம் நல்ல வடிவாம், பிலார் சொன்னவ. பாக்கிற இடமெல்லாம் தண்ணி ஓடுமாம். இந்த முறை மேலை ஒண்டும் ஏறவேண்டாம். எனக்குப் பாக்கவேண்டியது பாத்து முடிஞ்சுது. கீழையே தண்ணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பம், என்ன?"

அவரை எனக்குத் தெரிந்த காலம் முழுவதும், தனக்கென்று அவர் ஆசைப்பட்டதாக நான் கேட்டது அந்த ஒன்றைத்தான். பெரிய ஆசை இல்லை. சும்மா இருக்க ஒரு நாள். அது ஒன்றாவது அவருக்குக் கிடைத்திருக்கலாம்.